சிபில் வெத்தசிங்க: சிறுவர் நூற் சித்திரத்தில் ஒரு கிராமம்

பதுளையிலிருந்து பசறை ஊடாகச் செல்லும் பெருந்தெரு, லுணுகலையைக் கடந்தபின் பிபிலையை நோக்கிச் சிறிது சிறிதாகத் தாழ்ந்து செல்கின்றது. ஊவா மாகாணத்தின் தேயிலை மலைகள் ஒடுங்கி, வயலும் சேனையும் உடைய பழைய சிங்களக் கிராமங்கள் விரியத் தொடங்கும் எல்லைப்புறம் இது. ஆதலின், லுணுகலையைச் சூழ்ந்த பகுதிகளில் தோட்ட லயத்திலே பிறந்த தமிழ்ப் பிள்ளையும், அடிவாரத்துக் கிராமத்திலே பிறந்த சிங்களப் பிள்ளையும் அணித்தணித்தே வளர்கின்றனர். ஒரே மழையில் இருவரும் நனைகின்றனர். ஒரே கடைத்தெருவுக்கு இருவர்தம் பெற்றோரும் செல்கின்றனர். ஆயினும், அவ்விருவரும் முதன்முதலாகக் கையிலேந்தும் புத்தகங்கள் வேறு; அவற்றிலே காணும் படங்களும் வேறு. சிங்களப் பிள்ளை ஏட்டைத் திறந்ததும் தன் வீட்டுத் திண்ணையையும், தன் பாட்டியின் சேலைக் கட்டையும், தன் ஊர்க் கடையையும் அங்கே காணும் பேறு பெற்றது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காணப் புகுவோர் ஓர் அம்மையாரின் வரலாற்றிலே வந்து நிற்பர். அவரே சிபில் வெத்தசிங்க.

சிறுவர்க்குப் படத்தின் வழியாக உலகைக் காட்டல் வேண்டும் என்னும் கருத்து மிகப் பழையதன்று. மொராவிய நாட்டுக் கல்வியாளராகிய கொமேனியசு என்பார் 1658ஆம் ஆண்டிலே நியூரம்பேர்க்கு நகரில் வெளியிட்ட படநூலையே இத்துறையின் தொடக்கமாக ஐரோப்பியர் கொள்வர். பறவை, மரம், தச்சன் பட்டறை, சமையலறை ஆகிய யாவும் அதிலே மரக்கட்டை அச்சுப் படங்களாக இடம்பெற்றன. அதன் பின்னர் இங்கிலாந்திலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கலை பெருவளர்ச்சி எய்தியது. இந்தியாவிலே இதனை முதன்முதல் உரிமையோடு கையாண்டவர்கள் வங்காளத்து இராய் குடும்பத்தினர். உபேந்திரகிசோர் இராய் சௌதுரி என்பார் பிள்ளைகளுக்குக் கதை எழுதியதோடமையாது, படங்களைத் தாமே வரைந்து, அவற்றை அச்சிடற்கு வேண்டிய தகட்டு முறைகளையும் தாமே ஆராய்ந்து, 1913ஆம் ஆண்டிலே ‘சந்தேசு’ என்னும் சிறுவர் திங்களிதழையும் தொடங்கினார். கதை, சித்திரம், அச்சு என்னும் மூன்றும் ஒருவர் கையிலே சேரும்போது சிறுவர் நூல் எத்துணை உயரும் என்பதற்கு அவர் சான்றாவார்.

தமிழிலே நிலை வேறாக இருந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆக்கிய பாலபாடங்கள் தமிழ்ப் பிள்ளைக்கு ஒழுங்குபட அமைந்த உரைநடையைத் தந்தன. இன்றும் அவற்றின் உரைநடை கற்றோர்க்கு விருந்தே. ஆயின் அவை செவிக்கும் அறிவுக்கும் உரியன. கண்ணுக்கு அவற்றிலே வேலையில்லை. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் பிள்ளைகளுக்கெனப் பாடிய பாடல்களிலே கூழும் கொழுக்கட்டையும் கத்தரித் தோட்டமும் வந்தன. யாழ்ப்பாணத்து வீட்டின் மணம் அவற்றிலே உண்டு. சொல்லிலே நிகழ்ந்த அந்த ஊர்மயமாக்கம் சித்திரத்திலே அத்துணை விரைவில் நிகழவில்லை. நகரத்துப் பிள்ளைகள் கண்ட படங்களிலே பெரும்பாலன ஆங்கிலேயப் பிள்ளைகளின் பனியும் புகைபோக்கியும் கம்பளிக் குல்லாயும் ஆகவே இருந்தன.

சிபில் அம்மையார் 1927ஆம் ஆண்டு ஒற்றோபர் 31ஆம் நாள் காலிக்கு அண்மையிலுள்ள கிந்தோட்டை என்னும் ஊரிலே பிறந்தார். கிங் கங்கை கடலோடு கலக்கும் இடத்திலே அமைந்தது அவ்வூர். ஆறும் கடலும் தென்னந்தோப்பும் ஒருங்கே அமைந்த அச்சூழலிலே அவர் வாழ்ந்தது ஏறக்குறைய ஆறு ஆண்டுகளே. ஆங்கிலக் கல்வியை வேண்டிக் குடும்பம் கொழும்புக்குப் பெயர்ந்தது. பம்பலப்பிட்டியிலுள்ள திருக்குடும்பக் கன்னியர் மடத்துப் பாடசாலையிலே அவர் சேர்க்கப்பட்டார். தொண்ணூற்றிரண்டு ஆண்டு வாழ்விலே ஆறு ஆண்டு ஒரு சிறு பகுதி. எனினும் அவர்தம் சித்திரங்களை ஆராயுமிடத்து, பின்வந்த எண்பத்தாறு ஆண்டுகளும் அந்த ஆறு ஆண்டுகளுக்கு உரை எழுதுவதிலேயே கழிந்தன என்று சொல்லத் தோன்றும். 1995ஆம் ஆண்டிலே ஆங்கிலத்தில் அவர் வெளியிட்ட தன்வரலாற்று நூலுக்கு ‘என்னுள் இருக்கும் குழந்தை’ எனப் பொருள்படும் தலைப்பையே சூட்டினார். அந்நூல் முழுவதும் கிந்தோட்டையின் வீடுகளும் மனிதர்களும் வாழ்கின்றனர்.

கிராமத்தை விட்டுப் பிரியாதவர் கிராமத்தை அவ்வளவு நுணுகி நோக்குவதில்லை. பிரிந்தவருக்கே அது படமாகின்றது. கொழும்பு வகுப்பறையிலே ஆங்கிலம் கற்ற சிறுமிக்கு, கிந்தோட்டைச் சமையலறையின் அடுப்பும் அம்மியும் உறியும் நினைவிலே கோடுகளாகப் பதிந்தன போலும். இது ஊகமேயாயினும், அவர் படங்களிலுள்ள பொருள்களின் திட்டம் இவ்வூகத்தை வலியுறுத்துகின்றது. பானை எங்கே வைக்கப்படும், துடைப்பம் எந்த மூலையிலே சாயும், கிழவி எக்காலை மடித்து அமர்வாள் என்பன அவருக்கு ஐயமறத் தெரியும்.

ஓவியத்தை அவர் எந்தக் கலைக் கல்லூரியிலும் முறையாகப் பயின்றாரல்லர். தந்தையார் மகளின் கையை ஊக்கினார். தாயாரோ ஓவியத்தை வாழ்க்கைத் தொழிலாகக் கருதத் தயங்கினார். அக்காலத்து நடுத்தரக் குடும்பங்களின் இயல்பு அது. சிறுமியின் படங்களைக் கண்ட எச். டி. சுகதபால என்பார், தாம் ஆக்கிய ‘நவ மக’ என்னும் சிங்கள வாசிப்பு நூல் வரிசையில் ஐந்தாம் வகுப்புக்குரிய நூலுக்குச் சித்திரம் வரையும் பணியை அவரிடம் ஒப்புவித்தார். சுகதபால கொழும்பு றோயல் ஆரம்பப் பாடசாலையின் தலைமையாசிரியராக விளங்கியவர். அப்போது அம்மையாருக்கு அகவை பதினைந்தளவே. பாடசாலைப் பிள்ளை ஒருத்தி பாடசாலைப் பிள்ளைகளுக்கான நூலுக்குப் படம் வரைந்தாள் என்பது இலங்கைக் கல்வி வரலாற்றிலே குறித்து வைத்தற்குரிய செய்தி. நாற்பதுகள், கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த காலப்பகுதி. தாய்மொழி வாசிப்பு நூல்களின் தேவை பெருகியது. தாய்மொழி நூலுக்குத் தாய்நாட்டுப் படம் வேண்டும் என்னும் உணர்ச்சியும் உடன் எழுந்தது.

1948ஆம் ஆண்டிலே ‘லங்காதீப’ என்னும் சிங்கள நாளிதழில் அவர் ஓவியராகச் சேர்ந்தார். டி. பி. தனபால ஆசிரியராக இருந்த அவ்விதழ் புதுமை நாட்டமுடையது. பத்திரிகை அலுவலகங்களிலே பெண்கள் அருகியிருந்த அந்நாளில் இளம் பெண்ணொருத்தி அங்கு மேசையிட்டு அமர்ந்தமை எளிய செயலன்று. நாட்டார் கவிகளுக்கு அவர் வரைந்த சித்திரங்கள் வாசகரைக் கவர்ந்தன. 1952ஆம் ஆண்டளவில் லேக் ஹவுஸ் நிறுவனத்தின் ‘ஜனதா’ இதழுக்கு அவர் சென்றார். அவ்விதழோடு தொடர்புடைய தர்மபால வெத்தசிங்க என்னும் பத்திரிகையாளரே பின்னர் அவர்தம் கணவரானார்.

பத்திரிகைத் தொழில் அவர் கலைக்கு இட்ட கட்டுப்பாட்டை ஈண்டு விரித்தல் தகும். சிபில் அம்மையாரின் கோடு பற்றிப் பேசுவோர் பலர் அதனைக் கருதுவதில்லை. அந்நாளைய நாளிதழ்கள் ஈய எழுத்துக் கோத்து அச்சிடப்பட்டன. படத்தை அச்சிடுவதாயின், மையினால் வரைந்த சித்திரத்தைப் புகைப்பட முறையால் நாகத் தகட்டிலே பதித்து, கோடல்லாத பகுதிகளை அமிலத்தால் அரித்து, எஞ்சிய மேடான கோடுகளின்மேல் மை பூசி அச்சேற்றுவர். இம்முறையிலே கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு. இடைப்பட்ட சாயல் இல்லை. கோடு மிக நுண்ணியதாயின் அரிப்பிலே அறுந்துவிடும். மிக நெருங்கியதாயின் மை அப்பி ஒன்றாகிவிடும். ஆதலின் ஓவியர் தெளிந்த, அறாத, தன்னம்பிக்கையுள்ள கோட்டையே நாட வேண்டும். நிழல் தீட்டிக் குறையை மறைத்தற்கு அங்கே இடமில்லை. நாள்தோறும் மாலைக்குள் முடித்துக் கொடுக்க வேண்டிய அவசரமும் சேர்ந்துகொள்ள, அம்மையாரின் கை அழித்தெழுதும் பழக்கத்தைத் துறந்தது. ஒரே இழுப்பிலே ஒரு கிழவனின் முதுகு. ஒரே இழுப்பிலே ஒரு தென்னை மரம். கலைக் கல்லூரி தாராத பயிற்சியை நாகத் தகடு தந்தது.

‘ஜனதா’வின் சிறுவர் பகுதியிலே தாமே எழுதித் தாமே வரைந்து வெளியிட்ட கதை ‘குட ஹொரா’. ‘குடைக் கள்வன்’ என்பது அதன் பொருள். 1956ஆம் ஆண்டிலே அது நூலாக வெளிவந்தது. குடையென ஒன்றை அறியாத ஓர் ஊர். மழை வந்தால் ஒருவர் வாழையிலையைப் பிடிப்பார். இன்னொருவர் பெரிய சேம்பிலையைக் கவிழ்ப்பார். வேறொருவர் சாக்கைத் தலையிலே போடுவார். அவ்வூர்க் கிரி மாமா நகரத்துக்குச் சென்று, பல நிறக் குடைகளைக் கண்டு வியந்து, ஒன்றை வாங்கி வருகின்றார். வழியிலே கோப்பிக் கடையில் அமர்ந்து கோப்பி அருந்தி எழுந்து பார்த்தால் குடையைக் காணவில்லை. மீண்டும் வாங்குகின்றார்; மீண்டும் மறைகின்றது. இறுதியில், மடித்த குடையினுள் காகிதத் துண்டுகளை இட்டு வைத்து, உதிர்ந்த காகிதங்களின் தடம் பற்றிச் சென்று, காட்டிலே ஒரு மரத்தில் தம் குடைகளெல்லாம் தொங்குவதைக் காண்கின்றார். கள்வன் ஒரு குரங்கு. குடைகளை மீட்ட கிரி மாமா, கள்வனுக்கென ஒன்றை அங்கேயே விட்டு வருகின்றார். ஊரிலே ஒரு குடைக் கடையும் திறக்கின்றார்.

கதை இவ்வளவே. எனினும் இச்சிறு கதையின் அடியிலே நெடிய வரலாறு கிடக்கின்றது. பதினேழாம் நூற்றாண்டிலே கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டு சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்சு என்னும் ஆங்கிலேயர், 1681ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலிலே தாளிப்பனை ஓலையைப் பற்றி வியந்து எழுதினார். ஓரோலை பதினைந்து இருபது பேரை மழையினின்றும் காக்கும் என்பது அவர் கூற்று. அம்மரத்தைத் தமிழிலே குடைப்பனை என்றும் வழங்குதல் நோக்கத்தக்கது. துணிக்குடையோ பதவியின் சின்னம். தமிழ் வேந்தரின் வெண்கொற்றக் குடையைப் புலவர் பாடினர். மலைநாட்டுத் தோட்டத்திலே கங்காணியின் கைக்குடை அவர்தம் அதிகாரத்தை அறிவித்தது. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு மழைக்காப்பாக அமைந்தது தலைமேற் போட்ட கம்பளியும் இடுப்பிலே சுற்றிய படங்கும். இத்தகைய குடையைத்தான் அம்மையார் ஒரு குரங்கின் கையிலே கொடுத்து மரக்கிளையிலே தொங்கவிட்டார். அரசரும் அதிகாரிகளும் பல நூற்றாண்டு போற்றிய சின்னம் குழந்தையின் நகைப்பிலே கரைந்து போகின்றது. இது திட்டமிட்டு அமைத்த கருத்தன்று என்பர் சிலர்; இருக்கலாம். ஆயினும் நல்ல சிறுவர் கதை ஆக்கியோனின் எண்ணத்துக்கு அப்பாலும் பொருள் தருவது.

கோப்பிக் கடையும் அவ்வாறே. இலங்கையின் கோப்பிப் பயிர்ச்செய்கையை அழித்த இலைநோய் முதன்முதல் அறியப்பட்ட இடம் லுணுகலைக்கு அயலிலுள்ள மடூல்சீமை, ஆண்டு 1869. இருபது ஆண்டு கழிவதற்குள் கோப்பித் தோட்டங்கள் மறைந்து தேயிலை எங்கும் பரந்தது. பயிர் மாண்ட பின்னரும் கடையின் பெயர் மாளவில்லை. தேநீர் விற்கும் கடையும் இன்றளவும் சிங்களக் கிராமத்திலே கோப்பிக் கடையே. கிரி மாமாவின் குடை களவுபோன அக்கடையின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஊவா மலையின் பொருளாதார வரலாறே மறைந்து நிற்கின்றது எனலாம். ‘மாமா’ என்னும் முறைப்பெயர் இரு மொழிக்கும் பொதுவாதலால், அச்சொல்லை லுணுகலைத் தமிழ்ப் பிள்ளைக்கு மொழிபெயர்க்கவும் வேண்டியதில்லை.

இனிச் சித்திரங்களைத் தனித்து நோக்குவோம். அம்மையாரின் உருவங்கள் தட்டையானவை. தூரம் காட்டற்கு அவர் பொருள்களைச் சிறிதாக்குவதில்லை. மேலே வைத்தால் அது தொலைவு, கீழே வைத்தால் அது அண்மை. ஆடைகளிலே பூவும் புள்ளியும் கோலமும் நிறைந்திருக்கும். வெற்றிடத்தைக் கொடியும் இலையும் நிரப்பும். இவ்வியல்புகள் யாவும் தென்னிலங்கை விகாரைகளின் சுவரோவியங்களிலே காணப்படுவன. கத்தலுவை பூர்வாராமை முதலிய விகாரைகளில், சாதகக் கதைகளைப் பட்டைபட்டையாகப் பிரித்து நிகழ்ச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக வரைந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சித்திரகாரர், கற்றார்க்கும் கல்லார்க்கும் கதை சொன்னவர்கள். அம்மையாரின் படநூல் அச்சுவர்களின் வழித்தோன்றலாகவே காட்சியளிக்கின்றது. வேறுபாடு ஒன்றே: விகாரைச் சுவரிலே அரசகுமாரன் துறவு பூணுகின்றான்; இவர் ஏட்டிலே கிழவனொருவனின் தாடி வளர்ந்து ஊரெங்கும் ஓடுகின்றது. ‘துவன றவுல’, அதாவது ஓடும் தாடி, என்னும் அந்நூலிலே கோட்டின் ஆட்சியை முழுமையாகக் காணலாம். தாடி என்பது கோடுகளின் திரளேயன்றி வேறென்ன? ஏட்டுக்கு ஏடு நீண்டு, வளைந்து, மனிதரைச் சுற்றி வளைத்து ஓடும் அக்கோட்டைத் தொடர்ந்து செல்லும் பிள்ளை, தன்னையறியாமலே ஓவியப் பாடம் ஒன்றைக் கற்றுக்கொள்கின்றது.

இவ்விடத்திலே காலச் சூழலையும் கருதல் வேண்டும். 1943ஆம் ஆண்டிலே தோன்றிய ‘நாற்பத்து மூன்று குழு’ ஓவியத்தை ஆங்கிலேயப் பாணியினின்றும் விடுவிக்க முனைந்தது. 1956ஆம் ஆண்டிலே எதிரிவீர சரத்சந்திரரின் ‘மனமே’ நாடகம் மேடையேறியது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘றேகாவ’ திரைப்படம் திரையிடப்பட்டது. ‘குட ஹொரா’வும் அதே ஆண்டு நூலாயிற்று. மூன்றும் கிராமத்தை நோக்கித் திரும்பியவை. அவ்வாண்டினைச் சிங்களக் கலையின் மறுமலர்ச்சி ஆண்டாகக் கொண்டாடுவோர் உளர், அது பொருந்தும். ஆனால் தமிழ் மக்களுக்கு அதே 1956, தனிச் சிங்களச் சட்டத்தின் ஆண்டு. மலையகத் தமிழரோ 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலே நாட்டுரிமையையும், அடுத்த ஆண்டிலே வாக்குரிமையையும் முன்னரே இழந்து நின்றனர். ஒரு மக்கள் தம் கிராமத்தைப் படத்திலே கண்டு மகிழ்ந்த அதே பொழுதில், இன்னொரு மக்கள் இந்நாட்டிலே தமக்கு ஊர் உண்டோ என ஏங்கினர். இவ்விரண்டையும் ஒருங்கே நினையாத வரலாறு குறையுடையது. அம்மையாரின் மேல் இதனைக் குற்றமாக ஏற்றுதல் நேர்மையன்று. அவர் வரைந்தது கிந்தோட்டை. கிந்தோட்டையை வரைந்த கை எவர் ஊரையும் அழித்ததில்லை.

தமிழ் நாடக உலகம் அம்மறுமலர்ச்சியினின்றும் தக்க பாடத்தைக் கற்றுக்கொண்டது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தினைப் பேராதனை மேடைக்குக் கொணர்ந்து 1962ஆம் ஆண்டிலே ‘கர்ணன் போர்’, 1964ஆம் ஆண்டிலே ‘இராவணேசன்’ முதலியவற்றை ஆக்குவித்தார். பிறர் தம் மரபை நாடியதைக் கண்டு நாமும் நம் மரபை நாடினோம். பிறர் மரபைப் படியெடுத்தோமல்லேம். சிறுவர் நூற் சித்திரத்திலே அத்தகைய எழுச்சி அக்காலத்தில் உண்டாகவில்லை.

மலையகப் பிள்ளைக்கு வாய்த்த படங்கள் கடல் கடந்து வந்தன. சென்னையிலே நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 1947ஆம் ஆண்டு யூலையிலே தொடங்கிய ‘அம்புலிமாமா’ தமிழ்ச் சிறுவர் உலகை ஆண்டது. அதன் சித்திரங்களிலே புகழ் பெற்றவை சங்கர் எனப்படும் கே. சி. சிவசங்கரன் வரைந்தவை. கொங்கு நாட்டுக் காரத்தொழுவிலே 1924ஆம் ஆண்டு பிறந்து, சென்னைக் கலைப் பள்ளியிலே தேவி பிரசாத் இராய் சௌதுரியிடம் பயின்று, 1952ஆம் ஆண்டு அவ்விதழிலே சேர்ந்த அவர், உருவிய வாளோடு தோளிலே பிணத்தைச் சுமந்து செல்லும் விக்கிரமாதித்தனைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் கண்ணிலே நிறுத்தினார். சங்கரும் சிபில் அம்மையாரும் 2020ஆம் ஆண்டிலேயே மறைந்தமை ஓர் ஒற்றுமை. ஆயின் இருவர் நெறியும் வேறு. சங்கரின் கோபுரமும் கோட்டையும் சுடுகாடும் பிள்ளையை அதன் ஊரினின்றும் தூக்கிச் சென்று தொல்லுலகிலே இறக்கின. புராண இதிகாச மரபிலே ஊறிய தமிழ்ப் பிள்ளைக்கு அவ்வுலகம் தாய்வீடே. அம்மையாரின் படமோ பிள்ளையை அது நிற்கும் இடத்திலேயே நிறுத்தி, அவ்விடத்தைப் பார் என்றது. இரண்டும் வேண்டுவன. தோட்டப் பிள்ளைக்கு முன்னது கிடைத்தது, பின்னது அரிதாயிற்று.

அரிதானமைக்குக் காரணம் தோட்டக் கல்வியின் வரலாற்றிலேயே உண்டு. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் படிப்பைத் தோட்ட நிருவாகத்தின் கடமையாக்கியது. துரைமாரிற் பலர் அக்கடமையை ஓர் ஆசிரியர், ஒரு கொட்டகை என்னும் அளவிலே முடித்துக்கொண்டனர். நாடெங்கும் இலவசக் கல்வி பரந்த பின்னரும் தோட்டப் பாடசாலைகள் பொதுவோட்டத்திலே சேரவில்லை; எழுபதுகளிலேதான் அவை படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. கரும்பலகையும் ஒழுங்காக இல்லாத கொட்டகையிலே சித்திர நூலை எதிர்பார்த்தல் எங்ஙனம்? அப்பிள்ளைகளின் கண்ணுக்கு விருந்து பாடசாலைக்கு வெளியிலேதான் இருந்தது. மாசியிலே காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர், மாரியம்மன் திருவிழாவிலே கரகமும் காவடியும். பிரட்டுக்களத்திலே வரிசையாய் நிற்கும் தாய்மாரும், பிள்ளைமடுவத்திலே தொங்கும் ஏணைகளும், லயத்து வாசலிலே சாணி மெழுகிய தரையும், கிந்தோட்டையின் அடுப்பு மூலைக்கு எவ்வகையிலும் குறைந்த காட்சிகளல்ல. சி. வி. வேலுப்பிள்ளை அம்மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டிச் சொல்லுலகிலே அவர்களுக்கு ஓர் இடம் தேடினார். கோட்டுலகிலே அவ்விடத்தைத் தேடும் ஓவியர்க்குச் சிபில் அம்மையாரின் நூல்களே நல்ல ஆசிரியர். அவர் கோட்டைப் படியெடுத்தல் பயனில்லை. ஆறு வயதிலே கண்டதை நாணாமலும் மிகைப்படுத்தாமலும் வரையும் துணிவே அவரிடம் கற்கவேண்டியது.

அம்மையாரின் கலையிலே குறை இல்லாமலில்லை. அவர் கிராமத்திலே வெயில் சுடுவதில்லை. கடன்காரன் வந்து கதவைத் தட்டுவதில்லை. ‘மகுல் கெதர பத் நெத’, அதாவது மணவீட்டிலே சோறில்லை, என்னும் தலைப்பைக் கொண்ட கதையிலுங்கூட இன்மை நகைச்சுவையாகின்றது. சாதியும் வறுமையும் தெற்கிலும் உண்டு என்பதை அவர் ஏடுகளிலிருந்து அறிதல் இயலாது. சிறுவர் நூலுக்கு அவை வேண்டா என விடை கூறலாம். ஆயினும் லயத்துப் பிள்ளையின் வீட்டை வரையப் புகுவோர் இவ்வினாவை எளிதிலே கடந்துவிட முடியாது. பத்தடி அறையை அழகிய குடிசையாக்கினால் அது பொய். அழுகையாக மட்டும் வரைந்தால் அதுவும் பொய்யே. அவ்வறையிலும் பிள்ளைகள் சிரித்து விளையாடுகின்றனர்.

1965ஆம் ஆண்டிலே ‘வெசாக் பஹன’ என்னும் நூலுக்காக, ஆசியப் பெண் எழுத்தாளரின் சிறுவர் நூல்களுக்கெனக் கொடுக்கப்பட்ட இசபெல் ஹட்டன் பரிசு அவருக்குக் கிடைத்தது. ‘குட ஹொரா’ யப்பானிய மொழியிலே வெளிவந்து, எண்பதுகளின் பிற்பகுதியில் அந்நாட்டிலே சிறந்த வெளிநாட்டுச் சிறுவர் நூலாகப் பாராட்டப்பட்டது. யப்பானியப் பிள்ளை கோப்பிக் கடையைக் கண்டதில்லை. கிரி மாமாவின் உடுப்பையும் கண்டதில்லை. எல்லா நாட்டினர்க்கும் விளங்கவேண்டுமென்று எவ்வூரையும் சேராத படம் வரைந்திருந்தால், யப்பானியர்க்கு அதிலே காண ஒன்றுமில்லை. ஓர் ஊரைத் திருத்தமாக வரைந்தமையாலேயே தொலைதூரத்துப் பிள்ளையும் அவ்வூருக்குள் நுழைந்தது. இருநூறுக்கு மேற்பட்ட நூல்கள் அவர் கைபட்டு வெளிவந்தன. தள்ளாத வயதிலும் தூரிகையை அவர் கீழே வைக்கவில்லை.

வாழ்வின் இறுதியிலே அவர் செய்த செயல் அவர் இயல்புக்கு ஏற்றதே. ‘வியத்தகு பளிங்கு’ எனப் பொருள்படும் தலைப்புடைய கதையொன்றை எழுதி, அதன் முடிவை மட்டும் எழுதாது விடுத்து, முடிவைப் பிள்ளைகளே எழுதுக என நாட்டின் சிறுவரை அழைத்தார். பல்லாயிரம் பிள்ளைகள் எழுதி அனுப்பினர். அவற்றினின்றும் தெரிந்தெடுத்த 1,250 முடிவுகளோடு நூல் வெளிவந்தது. ஒரு நூலுக்கு மிகுதியான மாற்று முடிவுகள் என்னும் வகையிலே கின்னஸ் சாதனைப் பதிவும் 2020ஆம் ஆண்டிலே அதற்குக் கிடைத்தது. அவ்வாண்டின் நடுப்பகுதியிலே, தம் தொண்ணூற்றிரண்டாம் வயதில், அம்மையார் காலமானார்.